எரிப்பதா, எரிவாயு எடுப்பதா, உரமாக்குவதா? சென்னைக் குப்பைக்கு முன்னுள்ள மூன்று வழிகள்

கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையை அமைக்கலாம் என்ற திட்டம் பேசப்படத் தொடங்கியதிலிருந்து, குடியிருப்போர் நலச்சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர்களும் பகுதி சபைக் கூட்டங்களுக்குச் செல்பவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எரிஉலை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் எதை வைப்பது? கூட்டத்தில் எழுந்து நின்று எதை ஆதரிப்பது? எதிர்ப்பது எளிது, மாற்றைச் சொல்லும்போது நாக்குத் தடுமாறுகிறது. அப்படித் தயங்கி நிற்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

சென்னையில் ஒவ்வொரு நாளும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பல பத்தாண்டுகளாக அதன் பெரும்பகுதி வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போய்க் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, அதை விழுங்கியே வளர்ந்தது. அந்தச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த 2022ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் மாதத்தில், கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்ததை அக்கம்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது இரண்டு கிடங்குகளிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை நடக்கிறது. ஒரு பக்கம் தோண்டி எடுத்துக்கொண்டே மறுபக்கம் புதிய குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தால் அந்த வேலை முடிவதற்கில்லை. ஆகவே புதிய குப்பை எங்கே போக வேண்டும் என்ற முடிவை ஒத்திப்போட இனி வழியில்லை.

## எதைக் கொண்டு அளப்பது?

மூன்று வழிகளையும் எடைபோடும் முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நம் வீட்டுக் குப்பையின் தன்மைக்கு அந்த வழி பொருந்துகிறதா என்பது. சென்னைக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை. காய்கறித் தோல், மீந்த சோறு, வாழையிலை, இளநீர்க் கூடு, பூ என எல்லாமே ஈரம். இரண்டாவது, தரம் பிரிக்காத குப்பை வந்து சேர்ந்தால் அந்த அமைப்பு என்ன ஆகும் என்பது. மூன்றாவது, திட்ட மதிப்பீட்டில் எழுதப்படாத செலவு. நான்காவது, புகையும் நாற்றமும் யார் வீட்டு வாசலுக்குப் போகின்றன என்பது. ஐந்தாவதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்: எடுத்த முடிவு தவறாகிவிட்டால் அதிலிருந்து திரும்ப முடியுமா? பத்து லட்சம் ரூபாய்த் தவறைத் திருத்தலாம். இருபது ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தவறோடு ஒரு தலைமுறை வாழ வேண்டியிருக்கும்.

## முதல் வழி: எரித்து மின்சாரம் எடுத்தல்

இந்த வழியின் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியது. மலைபோல் வரும் குப்பை ஒரே இடத்தில், ஒரே நாளில், பத்தில் ஒரு பங்குக் கொள்ளளவாகச் சுருங்கிவிடுகிறது. கூடவே மின்சாரமும் கிடைக்கிறது. நிலம் கிடைக்காமல் திண்டாடும் மாநகராட்சிக்கு இதைவிட நேரடியான தீர்வு வேறு தோன்றாது.

ஆனால் ஈர விறகை வைத்து அடுப்பெரித்தவர்களுக்கு இதன் சிக்கலும் உடனே புரியும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு டன் குப்பையில் பாதி ஈரம் என்றால், அந்த 500 கிலோ தண்ணீரை ஆவியாக்குவதற்கே 2,70,000 கிலோ கலோரி போய்விடும். அதன்பிறகு எஞ்சுவதுதான் கொதிகலனுக்கு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிலோவுக்கு 1,500 கிலோ கலோரியும் அதற்கு மேலும் வெப்பத்திறன் கொண்ட, மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையைத்தான் எரிசக்திக்குப் பயன்படுத்தச் சொன்னதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்தப் பாடத்தை இந்தியா ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்கிறது. 1987இல் டெல்லியின் திமார்ப்பூரில், டென்மார்க் தொழில்நுட்பத்தில், நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் உலை கட்டப்பட்டது. வடிவமைப்புக்குத் தேவைப்பட்ட வெப்பத்திறனில் பாதிகூட டெல்லிக் குப்பையில் இல்லை. 21 நாள் சோதனை ஓட்டத்தோடு உலை நின்றுபோனது. ஐரோப்பியக் குப்பையில் காகிதமும் அட்டையும் மிகுதி. நம் குப்பையில் சோறும் தோலும் மிகுதி. அங்கே எரிந்தது இங்கே எரியவில்லை.

இன்றைய உலைகள் திமார்ப்பூர் உலையைவிட மேம்பட்டவை, பிளாஸ்டிக் உறைகள் பெருகியதால் குப்பையின் வெப்பத்திறனும் கூடியிருக்கிறது என்று திட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மைக்கு உள்ளேயே ஒரு முரண்பாடும் இருக்கிறது. உலை நன்றாக எரிய வேண்டுமானால் காகிதம், அட்டை, பிளாஸ்டிக் ஆகியவை அதற்குள் போக வேண்டும். காயலான் கடைக்கும் மறுசுழற்சி ஆலைக்கும் போக வேண்டியவையும் அவையேதான்.

எளிய கணக்காகவே பார்க்கலாம். நாளொன்றுக்கு 5,500 டன் என்றும் அதில் பாதி மக்கும் குப்பை என்றும் வைத்துக்கொள்வோம். ஈரத்தைப் பிரித்துவிட்டால் 2,750 டன் மிஞ்சும். அதில் தெருமண், கட்டட இடிபாடு, கண்ணாடி ஆகியவை எரியாது. காகிதத்துக்கும் அட்டைக்கும் உலோகத்துக்கும் கெட்டி பிளாஸ்டிக்குக்கும் விலை உண்டு. இவையெல்லாம் போக, எரிப்பதைத் தவிர வேறு வழியே இல்லாத குப்பை 2,100 டன்னை எட்டவே எட்டாது. எனவே அந்த அளவில் ஓர் உலையைக் கட்டினால், அதன் வயிற்றை நிரப்புவதற்காகவே நகரம் தரம் பிரிக்காமல் இருக்க வேண்டிய கட்டாயம் உருவாகும். நாள்தோறும் இத்தனை டன் தந்தே தீர வேண்டும், தராவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்துவிட்டால், வீட்டில் குப்பையைக் குறைக்கும் குடிமகள் மாநகராட்சிக்கு நட்டம் ஏற்படுத்துகிறவள் ஆகிவிடுவாள். மதிப்பீட்டு அறிக்கையில் எந்த வரிசையிலும் இடம்பெறாத மறைமுகச் செலவு இது.

அடுத்தது சாம்பல். நம் குப்பையில் மண் கலந்திருப்பதால், எரித்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை சாம்பலாக எஞ்சும் என்று கொள்ளலாம். 2,100 டன்னுக்கு அது 400 டன்னுக்கு மேல், ஒவ்வொரு நாளும். புகைபோக்கியின் வடிகட்டிகளில் படியும் நுண்சாம்பலில் கன உலோகங்கள் செறிந்திருப்பதால் அதைச் சாதாரணக் கிடங்கில் கொட்டவும் முடியாது. உலகிலேயே மிகக் கட்டுப்பாடாக எரிஉலை நடத்தும் நகரங்களில் ஒன்றான சிங்கப்பூர்கூட, அந்தச் சாம்பலுக்காகக் கடலில் செமாக்காவ் தீவையே கிடங்காக்கி 1999 முதல் நிரப்பி வருகிறது. அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அந்நாடே கணித்திருக்கிறது.

புகையைப் பொறுத்தவரை, குப்பை எரியும்போது உருவாகும் டையாக்சின் என்ற நச்சு ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராமைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. உலையின் இரண்டாம் அறையில் 950 டிகிரி வெப்பத்தில் வாயு குறைந்தது இரண்டு விநாடி தங்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஈரக் குப்பை வரும் மழை நாளிலும், உலையை அணைத்து மீண்டும் ஏற்றும் நாளிலும் அந்த வெப்பத்தைக் காப்பதுதான் கடினம். டையாக்சினோ எப்போதாவது மாதிரி எடுத்துச் சோதிக்கப்படுவதே அன்றி நாள்தோறும் அளக்கப்படுவதில்லை. மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையை ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருக்கும் வட சென்னை மக்களிடம், நகரம் முழுவதன் குப்பைப் புகையையும் சேர்த்து ஏற்கச் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

அப்படியானால் எரிப்பது எப்போது சரி? மறுசுழற்சிக்கு ஆகாத, உலர்ந்த, சிறிய அளவுக்குச் சரி. பயோமைனிங்கில் கிடைக்கும் கந்தல் பிளாஸ்டிக்கை அரியலூர்ப் பகுதிச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏற்கெனவே நிலக்கரி எரியும் சூளையில் அது நிலக்கரிக்கு மாற்றாகிறது. சாம்பலும் சிமென்ட் கட்டியிலேயே சேர்ந்துவிடுகிறது. குறிப்பாக, குப்பை குறைந்தால் யாரும் அபராதம் கேட்பதில்லை.

## இரண்டாம் வழி: பெரிய எரிவாயு நிலையம்

ஈரம் எரிஉலைக்கு எதிரி. எரிவாயு நிலையத்துக்கு அதுவே உணவு. காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்கள் மக்கும் குப்பையைச் செரித்து மீத்தேன் தருகின்றன. சுத்திகரித்தால் அது பேருந்துக்கு எரிபொருள். எஞ்சும் கூழ் உரம். இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 550 டன் மக்கும் குப்பையிலிருந்து 17,000 கிலோ எரிவாயு எடுக்கும் வகையில் அமைக்கப்பட்டது. இந்த எண்ணைக் கேட்டவுடன் சென்னைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நிலையத்தைக் கட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வீட்டு வாசலில் தரம் பிரித்து வாங்கும் பழக்கத்தை அந்த நகரம் ஏற்படுத்திவிட்டது என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. பிளாஸ்டிக் பை, மண், கண்ணாடித் துண்டு எது கலந்தாலும் செரிகலன் அடைபடும். அதைத் திறந்து தூர்வாரி, நுண்ணுயிர்களை மீண்டும் வளர்த்தெடுக்க வாரங்கள் ஆகும்.

சென்னைக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. கோயம்பேடு சந்தையில் நாளொன்றுக்கு 30 டன் காய்கனிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 2005ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. இடம் மிகச் சரியான தேர்வு: கழிவு முழுவதும் ஒரே வகை, ஒரே இடம், லாரிச் செலவே இல்லை. ஆனாலும் அது இடைவிடாமல் ஓடவில்லை. சந்தைக் கழிவில் வாழைத்தண்டு, கரும்புச் சக்கை, வைக்கோல், சணல் கயிறு என்று நார் மிகுந்தவை ஏராளம். அவை எளிதில் செரிப்பதில்லை, இயந்திரத்திலும் சுற்றிக்கொள்ளும். பொங்கல் கழிந்த மறுநாளும் ஆயுதபூசைக்கு மறுநாளும் வரும் குப்பையை நினைத்துப் பாருங்கள். செரிகலனுக்கோ நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே வகை உணவு வேண்டும்.

மறைமுகச் செலவுகள் மூன்று: தேர்ந்த பராமரிப்பு ஆட்கள், கூழைப் பிழிந்தெடுத்த கழிவுநீருக்கான சுத்திகரிப்பு, எரிவாயுவை நிலையான விலைக்கு வாங்கும் கை. இவற்றில் ஒன்று அறுந்தாலும் நிலையம் நின்றுவிடும். நின்ற நாள்களில் குப்பை மீண்டும் கிடங்குக்கே போகும்.

சந்தைகள், பெரிய உணவகங்கள், மருத்துவமனைச் சமையற்கூடங்கள், கல்யாண மண்டபங்கள் ஆகிய இடங்களின் உணவுக் கழிவுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் கருத்து. கலப்படம் குறைவு, அளவு அதிகம், பொறுப்பேற்கச் செய்வதும் எளிது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தருபவர்களை மொத்தக் கழிவு உருவாக்குநர் என்று 2016 விதிகள் தனியே பிரித்ததும் இதற்கு உதவும். வீட்டுக் குப்பையைப் பொறுத்தவரை, தரம் பிரித்தல் வேரூன்றிய வார்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

## மூன்றாம் வழி: வார்டுக்குள்ளேயே உரமாக்குதல்

சென்னையின் பல வார்டுகளில் நுண் உரமாக்கும் மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சில நன்றாக நடக்கின்றன; சில பூட்டிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு பெரும்பாலும் தொழில்நுட்பம் சார்ந்ததாக இல்லை. தொட்டியில் போடும் ஈரக் குப்பைக்கு ஈடாகக் காய்ந்த இலையும் தேங்காய் நார்த் தூளும் கலந்து, காற்றோட்டம் கொடுத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் குவியலின் உட்பகுதி 55 டிகிரிக்கு மேல் சூடேறி, நாற்றமில்லாமல் 45 நாள்களுக்குள் மக்கிவிடும். இதைச் செய்ய ஆளும் அக்கறையும் வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தில் இதை நடத்திய முதல் ஆண்டு, கோடையில் எல்லாம் சரியாகவே போயிற்று. ஐப்பசியில் மழை தொடங்கியதும் உலர்ந்த இலைக்கு வழியில்லாமல் தொட்டி புளித்து நாறத் தொடங்க, கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் தொட்டியையே எடுத்துவிடச் சொன்னார்கள். நார்த் தூளைப் போட்டுக் கிளறி, மேலே தகரக் கூரை வேய்ந்த பிறகு இரண்டு வாரத்தில் நாற்றம் அடங்கியது. மறு ஆண்டு முதல் பங்குனியில் விழும் இலைகளைக் கோணிப்பையில் கட்டி மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழையைக் கணக்கில் கொள்ளாத எந்த உரத்திட்டமும் சென்னையில் ஓராண்டைத் தாண்டாது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு இடமும் கூலியும். வார்டுக்குள் இடம் தேடும்போது, பூங்காவின் ஒரு மூலை என்றாலும் பக்கத்து வீட்டார் எதிர்ப்பார்கள். அந்த எதிர்ப்பைத் தவறு என்று சொல்ல மாட்டேன், பராமரிப்பில்லாத மையத்தின் அருகே யாராலும் குடியிருக்க முடியாது. ஒரு டன்னுக்கான ஆள்கூலி, பெரிய நிலையத்தைவிட அதிகம். ஆனால் அந்தக் கூலி தூய்மைப் பணியாளர்களின் கைக்குப் போகிறது. லாரி டீசலுக்கும் கிடங்கு வாடகைக்கும் போக வேண்டிய பணம் மிச்சமாகிறது. உர விற்பனையை நம்பி வரவுசெலவு போடக்கூடாது. ஒரு டன் ஈரக் குப்பையிலிருந்து 200 முதல் 250 கிலோ உரம்தான் கிடைக்கும். அதற்குக் கிடைக்கும் விலை செலவை ஈடுசெய்யாது. உரத்தைப் பூங்காவுக்கும் மாடித் தோட்டத்துக்கும் கொடுத்துவிட்டு, குப்பை கிடங்குக்குப் போகவில்லை என்பதையே வருமானமாகக் கருத வேண்டும்.

ஆலப்புழை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. நகரின் குப்பையைச் சுமந்த சர்வோதயபுரம் மக்கள் 2012இல் லாரிகளை மறித்ததும், வேறு வழியில்லாமல் வீட்டு அளவில் எரிவாயுக் கலன்களையும் பொது இடங்களில் உரத்தொட்டிகளையும் நகராட்சி கொண்டுவந்தது. எனினும் ஆலப்புழையின் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. கிணறும் தோட்டமும் உள்ள வீடுகள் நிறைந்த ஊர். இராயபுரத்திலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்திடம் வீட்டில் உரம் தயாரிக்கச் சொல்ல முடியாது. அங்கே வார்டு மையம்தான் பொருந்தும். அண்ணாநகர், அடையாறு, பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்ககங்கள் ஆகியவை தங்கள் வளாகத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம், முடித்துக்கொள்ளவும் வேண்டும்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | எரிஉலை | எரிவாயு நிலையம் | வார்டு உரமையம் |
|---|---|---|---|
| ஈரக் குப்பைக்குப் பொருத்தம் | மோசம் | மிக நன்று | நன்று. நார்க் கழிவுக்கும் ஏற்றது |
| தரம் பிரிக்காத குப்பை வந்தால் | எரியும். வெப்பம் குறையும், புகை கெடும் | செரிகலன் அடைபடும் | உரம் கெடும். கையால் பிரித்துச் சரிசெய்யலாம் |
| மறைமுகச் செலவு | சாம்பல், அளவு உத்தரவாதம், புகைக் கண்காணிப்பு | பராமரிப்பு, கழிவுநீர், வாங்குபவர் | இடம், கூலி, மழைக்கால ஏற்பாடு |
| சுமை யார்மீது | உலைக்கு அருகில் வாழ்பவர்மீது மட்டும் | ஓரளவு நிலையத்தைச் சுற்றி | எல்லா வார்டுகளும் பகிர்ந்துகொள்ளும் |
| திரும்பும் வழி | பல பத்தாண்டுகளுக்கு இல்லை | கடினம் | சில வாரங்களில் மாற்றலாம் |

## மூன்றுக்கும் முன்னால் நிற்கும் வேலை

தரம் பிரிக்காத குப்பையைத் தாங்கும் தன்மை எரிஉலைக்கு மட்டுமே உண்டு என்பது அட்டவணையின் இரண்டாம் வரிசையிலேயே தெரிகிறது. பிரிக்கும் பழக்கம் வராது என்று முன்கூட்டியே முடிவு கட்டியவர்கள் எரிஉலைக்குப் போய்ச் சேர்வது அதனால்தான். அந்த முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. வீட்டில் பச்சை, நீலம் என்று இரண்டு வாளிகளில் பிரித்துக் கொடுத்த குப்பை, தெருமுனையில் ஒரே காம்பாக்டர் லாரியில் சேர்த்து நசுக்கப்படுவதைப் பார்த்த ஓர் இல்லத்தரசி மறுநாள் எதற்காகப் பிரிக்க வேண்டும்? மக்கள் பிரிப்பதில்லை என்று குறைகூறும் முன், பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுசெல்லும் வண்டிகள் கடைசிவரை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். எடைக்குப் பணம் என்றால், குப்பை கூடக் கூட ஒப்பந்ததாரருக்கு ஆதாயம்; ஈரமும் மண்ணும் சேர்ந்தால் இன்னும் ஆதாயம். பிரித்து வாங்கிய வீடுகளின் எண்ணிக்கைக்குப் பணம் என்றால் அவருடைய நாட்டமும் அந்தப் பக்கம் திரும்பும். புனேயில் குப்பை பொறுக்கி வாழ்ந்த பெண்கள் பெரும்பான்மையாகச் சேர்ந்து அமைத்த ஸ்வச் கூட்டுறவு அமைப்பு, வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் வாங்கி, விலைபோகும் உலர் குப்பையைத் தாங்களே விற்றுக்கொள்கிறது. பிரித்தால்தான் அவர்களுக்கு வருமானம். ஆகவே பிரிக்காத வீட்டில் அவர்களே நின்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சென்னையில் பழைய பேப்பர் கடைக்காரரும் தெருவில் கோணியோடு நடப்பவரும் எந்தச் சம்பளமும் இல்லாமல் இதே வேலையைத்தான் செய்துவருகிறார்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் அவர்களுக்கு அதில் பெயரும் இடமும் கூலியும் வேண்டும்.

## பகுதி சபையில் என்ன கேட்கலாம்?

என் பரிந்துரை இது. சந்தை, உணவகம், மண்டபக் கழிவுக்கு எரிவாயு நிலையம். வீட்டு ஈரக் குப்பைக்கு வார்டு உரமையம், பெரிய அடுக்ககங்களுக்கு வளாகத்துக்குள்ளேயே உரத்தொட்டி. உலர் குப்பைக்கு, அதை வகை பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் வள மீட்பு மையம். இவற்றில் எதிலும் சேராத கந்தலுக்குச் சிமென்ட் சூளை. டயப்பரும் மாதவிடாய் நாப்கினும் தனியே சிவப்புக் குறியிட்டு வாங்கப்பட வேண்டும். அவற்றை உரத்திலும் எரிவாயுவிலும் சேர்க்க முடியாது என்பதால், கட்டுப்பாடான சிறு உலைக்கு அங்கே நியாயம் இருக்கிறது.

இதை ஒரேயடியாக நகரம் முழுவதும் கேட்டால் நடக்காது. உங்கள் வார்டுக்கு மட்டும் கேளுங்கள். ஈரம், உலர், சுகாதாரக் கழிவு என்று மூன்றாக வாங்கும் வண்டி எத்தனை, அவை கலக்காமல் எங்கே இறங்குகின்றன, உரமையத்தில் மழைக்குக் கூரை உண்டா, அங்கே வேலை செய்பவருக்குக் கையுறையும் முழுச் சம்பளமும் உண்டா என்று கேட்டுப் பதிலைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பிறகு, மூன்று வகையையும் ஓராண்டு முழுவதும், பொங்கலும் மழையும் உட்பட, தனித்தனியே எடைபோட்டு மாதந்தோறும் வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். எரிப்பதற்கென்று உண்மையில் மிஞ்சுவது எத்தனை டன் என்பது அந்தத் தாளில் தெரியும். அந்த எண் வரும்வரை எந்த உலையின் கொள்ளளவும் ஒப்பந்தத்தில் எழுதப்படக்கூடாது என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.